பொலிஸுக்கா, நம் தலைக்கா?

(தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சம்பளத்தைப் பற்றியும் சேமலாப நிதியைப் பற்றியும் மாவட்டத் தலைவர் பேசிவிட்டார். நமக்கு ஒதுக்கிய நேரத்தில் ஹெல்மட்டைப் பற்றிப் பேசப் போகிறோம் என்றதும் பின்னால் சிரிப்புச் சத்தம் கேட்டது. சிரிக்கலாம். தொழிற்சங்கக் கூட்டத்தில் இது என்ன பேச்சு என்று நினைப்பதிலும் தப்பில்லை. ஆனால் நாம் வெளியே ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வந்தோம். வாசிகசாலைச் சுவரோரம் 17 மோட்டார் சைக்கிள்கள் நிற்கின்றன. நாம் சிறுபிள்ளையாக இருந்த காலத்தில் இந்தத் தோட்டத்தில் மோட்டார் சைக்கிள் வைத்திருந்தவர்கள் இரண்டே பேர், பெரிய கணக்கப்பிள்ளையும் டிஸ்பென்சரி ஐயாவும். இன்றைக்கு லயத்துக்கு இரண்டு வண்டி நிற்கிறது. பாதி லீசிங்கில் எடுத்தது என்றாலும் நம் பிள்ளைகள் உழைத்து எடுத்தது. டவுனுக்கு வேலைக்குப் போகவும், பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடவும், பிரசவ வலி வந்தவரை மெயின் ரோட்டு வரை கொண்டு போகவும் அதுதான் உதவுகிறது. அதைக் குறை சொல்ல வரவில்லை.

அந்த 17 வண்டிகளிலும் தொங்கும் ஹெல்மட்டுகளை எண்ணினோம். 14 இருந்தன. இரண்டு பேராக வந்த வண்டிகள் எத்தனை என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். பிறகு அந்த 14ஐயும் ஒவ்வொன்றாகத் தூக்கி உள்ளே பார்த்தோம். மன்னிக்க வேண்டும், கேட்காமல்தான் தூக்கினோம். ஐந்தில் வெளி ஓட்டுக்கும் துணிக்கும் நடுவே வெறும் பஞ்சுதான் இருக்கிறது. இரண்டில் கிளிப் உடைந்து சப்பாத்துக் கயிறு கட்டியிருக்கிறது. ஒன்றில் பெரிய வெடிப்பு, அதன் மேலே ஒரு நடிகர் படம் ஒட்டியிருக்கிறது. யாருடையது என்று சொல்ல மாட்டோம், படத்தைப் பார்த்தாலே தெரியும்.

இந்த ஹெல்மட்டுகளை நாம் யாருக்காக வாங்கினோம்? டவுன் சந்தியில் நிற்கும் பொலிஸ்காரருக்காக. நம் பையன்களே இதற்குப் 'பொலிஸ் ஹெல்மட்' என்று பேர் வைத்திருக்கிறார்கள். மெயின் ரோடு வரும் வரை கையில் மாட்டியிருக்கும், சந்திக்கு ஒரு வளைவு முன்னால் தலைக்கு ஏறும், சந்தி கடந்ததும் மறுபடி கைக்கு வந்துவிடும். தோட்டப் பாதையில் பொலிஸ் நிற்பதில்லை, அதனால் தோட்டப் பாதையில் தலைக்கு ஆபத்தில்லை என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

ஒரு சம்பவத்தைச் சொல்ல வேண்டும். நம் வீட்டில் நடந்தது. இங்கே பலருக்குத் தெரியும், ஆனாலும் முழுதாகத் தெரியாது.

இரண்டு வருடத்துக்கு முன் ஆடி மாதம். எங்கள் அக்கா அடகு வைத்த தோட்டை மீட்க டவுனுக்குப் போக வேண்டும் என்றார். வண்டியை ஓட்டியது நாம்தான். நமக்கென்று ஒரு ஹெல்மட் இருந்தது. அக்காவுக்கு மச்சானின் ஹெல்மட்டைக் கொடுத்தோம். அது நல்ல ஹெல்மட், விலை கொடுத்து வாங்கியது, முத்திரை உள்ளது. அக்கா போட்டுப் பார்த்துவிட்டு, "தம்பி, இது கிணற்றுக்குள்ள தலைய விட்ட மாதிரி இருக்கு" என்றார். "கிளிப்ப இறுக்கிப் போட்டுக்கங்க, சரியாயிடும்" என்றோம். கொண்டைக்கு மேலே வைத்துக் கிளிப்பைப் போட்டுக்கொண்டார். சேலை என்பதால் ஒரு பக்கமாக உட்கார்ந்தார்.

திரும்பி வரும்போது மழைத்தூறல். பெரட்டுக்களத்துக்கு மேலே இருக்கும் வளைவை நமக்குத் தெரியும், கண்ணை மூடிக்கொண்டு ஓட்டலாம் என்ற வளைவு. பாசியும் சருகும் கிடந்தன. வேகம் இல்லை. பின்னால் ஒரு பையன் ஓடி வந்திருந்தால் நம்மைப் பிடித்திருப்பான். சில்லு வழுக்கியது. நாம் முழங்கையில் விழுந்தோம். அக்கா பின்பக்கமாகச் சாய்ந்து விழுந்தார். கான் ஓரத்துக் கல்லில் தலை பட்டது. ஹெல்மட் தலையில் இல்லை.

மறுநாள் காலையில் ஹெல்மட்டைத் தேடிப் போனவர்கள் கானுக்குள்ளிருந்து எடுத்து வந்து கொடுத்தார்கள். அதைக் கையில் வாங்கிப் பார்த்தபோதுதான் நமக்கு விளங்கியது. கிளிப் போட்டது போட்டபடியே இருந்தது. அறுபடவில்லை, உடையவில்லை, ஒரு கீறல்கூட இல்லை. தலை கல்லில் படுவதற்கு முன்பே முன்பக்கமாக உருண்டு கழன்று போயிருக்கிறது.

அக்கா 19 நாள் வைத்தியசாலையில் இருந்தார். உயிரோடு இருக்கிறார், இப்போதும் மலைக்குப் போகிறார், ஆனால் பல நாட்களில் அரைப்பேர்தான். ஒரு கேள்வியை இரண்டு தடவை கேட்பார். வாசம் தெரியாது. தலையில் அடிபட்டால் மூக்கின் நரம்பு அறுந்து இப்படி ஆகும் என்று டொக்டர் சொன்னார். கறி கருகினால் பக்கத்து வீட்டார் சொன்னால்தான் தெரியும். பின்னாளில் ஒரு டேப்பை எடுத்து அளந்து பார்த்தோம். அக்காவின் தலை 54 சென்றிமீற்றர். மச்சானின் ஹெல்மட் 60க்கு உரியது. கடைக்குப் போகும் அவசரத்தில் நாம் செய்யாத வேலை அந்த ஒரு நிமிட வேலைதான்.

இன்றைக்குப் பேச வந்தது இதைத்தான். ஹெல்மட் போடுங்கள் என்று சொல்ல இங்கே ஆசிரியர் தேவையில்லை, சட்டமே சொல்கிறது. ஓட்டுபவரும் பின்னால் இருப்பவரும் போட வேண்டும். அவரவர் தலைக்குப் பொருந்துகிற ஹெல்மட் போடுங்கள் என்பதுதான் நம் பேச்சு. கொழுந்து நிறுக்கும் இடத்தில் ஒரு கிலோ குறைத்து எழுதினால் நாம் விடுகிறோமா? தராசுக்குப் பக்கத்தில் நின்று முள்ளைப் பார்க்கிறோம். கொழுந்துக்கு அவ்வளவு கணக்குப் பார்க்கும் நாம், தலையின் அளவு என்ன என்று கேட்டால் விழிக்கிறோம். இங்கே தன் தலை எத்தனை சென்றிமீற்றர் என்று தெரிந்தவர் கையைத் தூக்குங்கள். பாருங்கள், ஒரு கையும் இல்லை.

முதலில் இந்தச் சாமான் எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் பார்ப்போம். வாத்தியார் புத்தி, பொறுத்துக்கொள்ளுங்கள். வெளியே இருக்கும் கடினமான ஓடுதான் தலையைக் காப்பாற்றுகிறது என்று பலர் நினைக்கிறோம். ஓடு கல் குத்தாமல் தடுக்கும், அடியை ஓர் இடத்தில் நிற்க விடாமல் பரப்பும், ரோட்டில் வழுக்கிக்கொண்டு போகும். ஆனால் அடியை வாங்கிக்கொள்வது அதற்கு உள்ளே இருக்கும் ரெஜிபோம். டீவி பெட்டிக்குள் வைத்து வருமே, அதே இனம்தான், இது கொஞ்சம் இறுக்கமானது. தலை வேகமாக வந்து மோதும்போது ரெஜிபோம் நசுங்குகிறது. நசுங்குவதற்கு எடுக்கும் அந்தக் கண்சிமிட்டும் நேரத்தில் தலையின் வேகம் குறைகிறது. மூளை மண்டையோட்டின் உள்பக்கத்தில் போய் மோதுவதும் அந்த அளவுக்குக் குறைகிறது. ரெஜிபோம் இல்லாமல் பஞ்சு மட்டும் இருந்தால், வாளியைக் கவிழ்த்துத் தலையில் போட்டுக்கொண்டு போவதும் அதுவும் ஒன்றுதான்.

இதிலிருந்து இரண்டு விஷயம் விளங்கும். ரெஜிபோம் ஒரு தடவை நசுங்கினால் பழையபடி எழும்பாது. தலையோடு ஒரு முறை பலமாக அடி வாங்கிய ஹெல்மட், வெளியே பளபளவென்று இருந்தாலும், முடிந்துபோன ஹெல்மட். இன்னொன்று, ரெஜிபோம் தலையை ஒட்டி இருந்தால்தான் இந்த வேலை நடக்கும். இடைவெளி இருந்தால் ஹெல்மட் ஒரு பக்கம் போகும், தலை ஒரு பக்கம் போகும்.

போட்டால் எவ்வளவு பயன் என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. பல நாடுகளின் விபத்து ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த மருத்துவர்கள், ஹெல்மட் போட்டவர்களுக்கு விபத்தில் உயிர் போகும் வாய்ப்பு 42 வீதமும் தலையில் காயம் படும் வாய்ப்பு 69 வீதமும் குறைகிறது என்று கண்டிருக்கிறார்கள். இது புதிய கண்டுபிடிப்பும் அல்ல. 1935இல் இங்கிலாந்தில் லோரன்ஸ் என்ற பேர்பெற்ற படை அதிகாரி மோட்டார் சைக்கிளில் விழுந்து, தலையில் அடிபட்டு, ஆறாம் நாள் இறந்தார். அவரைப் பார்த்த மருத்துவர்களில் ஒருவர் ஹியூ கெய்ன்ஸ் என்ற மூளைச் சத்திரசிகிச்சை நிபுணர். அந்தச் சாவை அவர் மறக்கவில்லை. யுத்தக் காலத்தில் தகவல் கொண்டு ஓடிய படையினர் தலையடியால் சாவதை எண்ணிப் பார்த்து 1941இல் ஹெல்மட்டின் அவசியத்தை எழுதினார். அதே வருடம் பிரித்தானிய இராணுவம் தன் மோட்டார் சைக்கிள் ஓட்டிகளுக்கு ஹெல்மட்டைக் கட்டாயமாக்கியது.

சரி, அளவுக்கு வருவோம். தையல் டேப் ஒன்று எடுங்கள். மாதர் கிளையில் தைக்கிற சகோதரிகள் எல்லோரிடமும் இருக்கிறது. புருவத்துக்கு ஓர் அங்குலம் மேலே நெற்றியில் வைத்து, காதுக்கு மேலாகக் கொண்டு போய், பின்மண்டை எங்கே அதிகமாகப் புடைத்திருக்கிறதோ அந்த இடத்தைச் சுற்றி எடுங்கள். டேப் சரியாமல் ஒரே மட்டமாக இருக்க வேண்டும். இரண்டு மூன்று தடவை எடுத்துப் பெரிய கணக்கை வைத்துக்கொள்ளுங்கள். டேப் இல்லையென்றால் ஒரு நூலால் சுற்றி, பிள்ளையின் அடிமட்டத்தில் வைத்துப் பார்க்கலாம். பொதுவாக 55, 56 என்றால் ஸ்மோல், 57, 58 என்றால் மீடியம், 59, 60 என்றால் லார்ஜ். கம்பனிக்குக் கம்பனி இது கொஞ்சம் மாறும், அதனால் எழுத்தைப் பார்க்காமல் சென்றிமீற்றர் கணக்கைப் பாருங்கள். உள்ளே ஒட்டியிருக்கும் துண்டில் எழுதியிருக்கும். கடைக்காரர் 'ப்ரீ சைஸ்' என்று சொன்னால் கையில் எடுத்ததை வைத்துவிட்டு அடுத்த கடைக்குப் போங்கள். தலையில் ப்ரீ சைஸ் என்று ஒன்று கிடையாது.

அளவு சரியாக இருந்தும் சிலருக்குப் பொருந்தாது. ஏனென்றால் தலையின் வடிவம் ஒன்றல்ல. மேலிருந்து பார்த்தால் சிலருக்குத் தலை உருண்டையாக இருக்கும், சிலருக்கு முன்பின்னாக நீண்டிருக்கும். இரண்டு பேருக்கும் 57 வரலாம். நீண்ட தலைக்காரர் உருண்டை ஹெல்மட்டைப் போட்டால் நெற்றியிலும் பின்னாலும் குத்தும், காதுப் பக்கம் லூசாக ஆடும். உருண்டைத் தலைக்காரர் ஒடுங்கிய ஹெல்மட்டைப் போட்டால் பொட்டுப் பக்கம் நெரிக்கும், நெற்றியில் இடைவெளி இருக்கும். அப்படியானால் பெரிய சைஸ் எடுக்காதீர்கள். அதே சைஸில் வேறு கம்பனி, வேறு மொடல் போட்டுப் பாருங்கள். கூடைக் கயிறு தலையில் ஒரு விரல் தள்ளிக் கிடந்தாலே பத்து நிமிடத்தில் தலை வலி வந்துவிடும் என்று இங்கே இருக்கிற தாய்மாருக்குத் தெரியும். அந்த அனுபவம் உள்ளவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

இனிக் கடையில் நின்று செய்ய வேண்டியது. வெட்கப்படாமல் செய்யுங்கள், காசு கொடுப்பது நாம்.

வாரின் இரண்டு பக்கத்தையும் இழுத்து விரித்துப் பிடித்துக்கொண்டு போடுங்கள். சட்டியைக் கவிழ்த்த மாதிரி சுலபமாக இறங்கினால் அது பெரியது. புதிய ஹெல்மட் கொஞ்சம் மல்லுக்கட்டித்தான் இறங்க வேண்டும். போட்ட பிறகு முன்விளிம்பு புருவத்துக்கு மேலே இரண்டு விரல் அளவில் நிற்க வேண்டும். பின்னால் தள்ளி, முழு நெற்றியும் தெரியத் தொப்பி மாதிரி போட்டால் படத்துக்கு நன்றாக இருக்கும், முன்னால் விழுந்தால் நெற்றிதான் முதலில் அடிபடும். முகம் முழுவதும் மூடும் ஹெல்மட் என்றால் இரண்டு கன்னமும் அமுங்க வேண்டும். பேசும்போது கன்னத்தின் உள்சதை பல்லில் படுகிற மாதிரி இருந்தால் புதிய ஹெல்மட்டுக்கு அது சரி, கன்னப் பஞ்சு சில வாரத்தில் இடம் கொடுக்கும். ஆனால் நெற்றி எலும்பில் ஓர் இடத்தில் மட்டும் குத்தினால் அது பழகாது. "போகப் போகச் சரியாயிடும் தம்பி" என்று கடைக்காரர் சொல்வது கன்னத்துக்குப் பொருந்தும், நெற்றிக்குப் பொருந்தாது.

பிறகு வாரைப் போடுங்கள். தாடைக்குக் கீழே தொண்டையோடு ஒட்டி இருக்க வேண்டும், இரண்டு விரலுக்கு மேல் நுழையக் கூடாது. கொட்டாவி விடுகிற மாதிரி வாயைத் திறந்தால் ஹெல்மட் உச்சியில் அமுங்குவது தெரிய வேண்டும். ஹெல்மட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தலையை இடமும் வலமும் திருப்புங்கள். ஹெல்மட்டுக்குள் தலை தனியாகச் சுற்றக் கூடாது, நெற்றித் தோல் ஹெல்மட்டோடு சேர்ந்து இழுபட வேண்டும்.

அடுத்துச் சொல்வதுதான் முக்கியம். வார் போட்டபடி, கூட வந்தவரைப் பின்னால் நிற்கச் சொல்லி, ஹெல்மட்டின் பின்விளிம்பில் கையைக் கொடுத்து மேலேயும் முன்னாலேயும் தள்ளச் சொல்லுங்கள். கொஞ்சம் பலமாகவே தள்ளட்டும். கண்ணை மறைத்துக்கொண்டு உருண்டு வந்தால், அல்லது கழன்றே விட்டால், அந்த ஹெல்மட் வேண்டாம். அக்காவுக்கு அன்று வீட்டு வாசலில் இதைச் செய்து பார்த்திருந்தால் கையோடு வந்திருக்கும். வார் மட்டும் ஹெல்மட்டைப் பிடித்து வைக்காது. அளவும் வாரும் சேர்ந்துதான் பிடிக்கும்.

கடைசியாக, அதைக் கழற்றாமல் பத்துப் பதினைந்து நிமிடம் கடைக்குள்ளேயே நில்லுங்கள். கழற்றிய பிறகு நெற்றியில் ஒரே இடத்தில் சிவந்து வலித்தால் வடிவம் பொருந்தவில்லை. கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும். தீபாவளிக்குச் சேலை எடுக்க ஒரு மணித்தியாலம் நிற்கிறோம்தானே.

பெரிய ஹெல்மட்டுக்குள் துணி, ஸ்பொஞ்ச் வைத்து இறுக்குகிறவர்கள் இருக்கிறார்கள். துணி அடியை வாங்காது, ஹெல்மட் உருள்வதையும் தடுக்காது. பனிக்காலத்தில் கம்பளிக் குல்லாவுக்கு மேலே ஹெல்மட் போடுகிறோம், அதுவும் இப்படித்தான்: குல்லா வழுக்கும், அதோடு ஹெல்மட்டும் வரும். குளிர் தாங்காதவர்கள் மெல்லிய பருத்தித் துணியைக் கட்டிக்கொண்டு, அதோடு சேர்த்தே அளந்து, அதோடு சேர்த்தே கடையில் போட்டுப் பார்த்து வாங்குங்கள்.

சகோதரிகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. வீட்டில் ஹெல்மட் வாங்கும்போது ஓட்டுபவர் தலைக்குத்தான் வாங்குகிறோம். பின்னால் இருப்பவருக்குப் பழையது, இரவல், அல்லது ஒன்றுமே இல்லை. பின்னால் உட்காரும் தலை யாருடையது? பெரும்பாலும் உங்களுடையது. உங்கள் தலைக்கென்று ஒன்று கேளுங்கள், உங்கள் அளவைச் சொல்லிக் கேளுங்கள். கொண்டை மேலே இருந்தால் எந்த ஹெல்மட்டும் கீழே இறங்காது, பின்னால் இடைவெளி விழும். பின்னலைக் கழுத்துக்குக் கீழே தாழ்த்திப் பின்னிக்கொள்ளுங்கள். பூவையும் பெரிய கிளிப்பையும் கைப்பையில் வைத்துக்கொண்டு போய் இறங்கிய பிறகு வைத்துக்கொள்ளலாம்.

பிள்ளைகள் விஷயம் நமக்குப் பள்ளிக்கூட வாசலில் தினமும் கண்ணில் படுகிறது. அப்பா தலையில் ஹெல்மட், பெட்ரோல் டாங்கியில் தரம் இரண்டு, பின்னால் தரம் ஐந்து, இரண்டு தலையும் வெறுந்தலை. சில அப்பாமார் வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள், அதற்கு நன்றி. ஆனால் வாங்கும்போது "வளருவான்தானே" என்று இரண்டு சைஸ் கூட்டி வாங்கியிருக்கிறார்கள். சப்பாத்தை அப்படி வாங்கி நுனியில் கடதாசி திணித்துக் கொடுப்போம், அதில் பெரிய நட்டமில்லை. ஹெல்மட்டில் அது நடக்காது. பிள்ளையின் தலை 51 என்றால் 51க்கு உரியதையே வாங்க வேண்டும். பெரியவர்களின் ஹெல்மட் பாரமும் கூட, பிள்ளையின் கழுத்து அதைத் தாங்காது. பிள்ளைகளுக்கென்று செய்த பாரம் குறைந்ததைப் பாருங்கள். சிறியதாகிப் போனால் எறியாதீர்கள், அடிபடாததாக இருந்தால் தம்பிக்கோ பக்கத்து லயத்துப் பிள்ளைக்கோ அளந்து பார்த்துக் கொடுங்கள். பின்னால் உட்கார்ந்து கால் மிதிப்பானில் கால் எட்டாத பிள்ளையை ஏற்றிக்கொண்டு போகாதீர்கள், ஹெல்மட் இருந்தாலும்.

எந்த வகை வாங்குவது? முகம் முழுவதும் மூடுவது நல்லது, தாடையும் பல்லும் தப்பும். 2015இல் இந்த வகையைத் தடுக்கப் பொலிஸ் முயன்றது, கொள்ளைக்காரர்கள் முகத்தை மறைக்கிறார்கள் என்று காரணம் சொன்னார்கள். மோட்டார் சைக்கிள் ஓட்டுபவர்கள் நீதிமன்றம் போய், மேன்முறையீட்டு நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. கள்வனுக்காக எல்லோருடைய தாடையையும் திறந்து வைக்கச் சொன்ன கதை அது. முகக்கண்ணாடி நிறமில்லாததாக இருக்கட்டும். கறுப்புக் கண்ணாடியோடு நம் பனிமூட்டத்தில் ஆறு மணிக்கு மேல் ஓட்டுவது கண்ணைக் கட்டிக்கொண்டு ஓட்டுவதுதான். மூச்சுப் புகை படிந்தால், பாத்திரம் கழுவும் திரவம் ஒரு துளி தொட்டு உள்பக்கம் தடவி, மெல்லிய துணியால் துடைத்துவிடுங்கள், கொஞ்ச நாளைக்குப் புகை பிடிக்காது.

முத்திரையைப் பாருங்கள். நம் நாட்டுக் கட்டளை எஸ்.எல்.எஸ். 517. இந்தியாவில் செய்ததென்றால் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் 4151 என்ற இலக்கமும் இருக்கும். ஐரோப்பியக் கட்டளை என்றால் வாரில் தைத்த துண்டில் வட்டத்துக்குள் ஈ எழுத்து இருக்கும். ஸ்டிக்கர் எவரும் அடிக்கலாம், அதனால் அதோடு நிற்காமல் உள்துணியைத் தூக்கி, சுமார் ஓர் அங்குலத் தடிப்பில் ரெஜிபோம் இருக்கிறதா என்று விரலால் அமுக்கிப் பாருங்கள். செய்த மாதமும் வருடமும் எங்காவது இருக்கும். ஐந்து வருடம் பாவித்தால் மாற்ற வேண்டும். பஞ்சைச் சவர்க்காரத் தண்ணீரில் கழுவி நிழலில் காயப் போடுங்கள், அடுப்புக்கு மேலே காய வைக்காதீர்கள், சூட்டில் ரெஜிபோம் கெட்டுப்போகும். பெட்ரோல், தின்னர் தொட்டுத் துடைக்க வேண்டாம், அது ஓட்டையும் தின்னும், ரெஜிபோமையும் தின்னும். கூட்டாளியிடமிருந்து பாவித்ததை வாங்காதீர்கள். அது விழுந்த கதையை அவன் உங்களுக்குச் சொல்ல மாட்டான்.

காசு எங்கே என்று கேட்பீர்கள். உண்மை. நல்ல ஹெல்மட் ஒன்றுக்குப் பல நாள் பேர் போக வேண்டும், வீட்டில் நாலு தலை இருந்தால் நாலு மடங்கு. வண்டிக்கு லீசிங் கட்டும்போது ஹெல்மட்டையும் வண்டியின் விலையில் ஒரு பகுதியாக எண்ணுங்கள் என்று இளைஞர்களைக் கேட்கிறோம். புது ஹெட்லைட், சத்தம் போடும் சைலன்சர் எல்லாம் பிறகு. தீபாவளி முற்பணம் வருகிறபோது கமிட்டி மூலமாக எல்லோருடைய அளவையும் ஒரே பட்டியலாக எழுதி, டவுனில் ஒரே கடையில் மொத்தமாகக் கேட்டால் விலை குறைத்துத் தருவார்கள் என்று நம்புகிறோம். பொருந்தாவிட்டால் மாற்றித் தர வேண்டும் என்பதையும் முதலிலேயே பேசி வைக்க வேண்டும். பணியக்கணக்குத் தலைவரும் நாமும் அடுத்த வாரம் போய்ப் பேசப் போகிறோம்.

தோட்ட வேலைக்காக ஒருவரை மோட்டார் சைக்கிளில் அனுப்பினால், அவருக்கும் அவருக்குப் பின்னால் ஏற்றப்படுபவருக்கும் ஹெல்மட் கொடுக்க வேண்டியது நிர்வாகம். அதை நாம் கேட்கப் போகிறோம். கேட்கும்போது ஒரு சொல்லைச் சேர்த்துக் கேட்க வேண்டும்: 'அவரவர் அளவில்'. ஒரு தோட்டத்தில் மருந்து அடிக்கிறவர்களுக்கு எல்லாம் ஒரே சைஸில் சப்பாத்து வாங்கிக் கொடுத்துவிட்டு, கையெழுத்து வாங்கி, பாதுகாப்பு உபகரணம் கொடுத்தாயிற்று என்று எழுதி வைத்ததைப் பார்த்திருக்கிறோம். சின்னக் கால்காரர் அதைப் போட்டுச் சரிவில் நடக்க முடியாமல் வெறுங்காலோடு போனார். தலைவிஷயத்தில் அந்த மாதிரிக் கையெழுத்தை நாம் போடக் கூடாது.

கூட்டம் முடிந்ததும் யாரும் உடனே ஓட வேண்டாம். வாசலில் ஒரு மேசை போட்டிருக்கிறோம். உங்கள் ஹெல்மட்டைக் கையோடு கொண்டு வாருங்கள், பின்னால் நின்று தள்ளிப் பார்க்க நம் பழைய மாணவர்கள் இரண்டு பேர் இருக்கிறார்கள், பலசாலிகள்தான். பிள்ளைகளையும் கூட்டி வாருங்கள். அளவு எடுக்க எங்கள் அக்கா டேப்போடு உட்கார்ந்திருக்கிறார். அவரே கேட்டு வாங்கிய வேலை இது. உங்கள் அளவை அவர் சொன்னவுடன் நீங்களே துண்டில் எழுதிக்கொள்ளுங்கள். அவர் உங்களிடம் இன்னொரு தடவை கேட்டால், பொறுமையாக இன்னொரு தடவை சொல்லுங்கள்.